கிருமிக்குக் கால் கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருத்தர் வீட்டுக்குக் குடும்பத்தோட போயிருந்தோம். மனுஷன் அந்தமான் டூர் முடிச்சு வந்த சூட்டோட இருந்தார். ஒரு பக்கம் வெங்காய பஜ்ஜி, இன்னொரு பக்கம் டிவியில அவர் எடுத்த படங்கள். செல்லுலார் ஜெயில், ராதாநகர் கடற்கரை, அடியில கண்ணாடி வச்ச படகு எல்லாம் ஓடி முடிஞ்சது. அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கிட்டு, "போற வழியில ஜாரவா ஆளுங்களைப் பார்த்தோம்ப்பா. போட்டோ எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க"ன்னார்.

பக்கத்துல உக்காந்திருந்த இன்னொரு நண்பர், கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவர், உடனே ஆரம்பிச்சார். "அவங்களுக்கெல்லாம் எதிர்ப்பு சக்தியே கிடையாது சார். நமக்கு வர்ற சாதாரண சளி வந்தாலே போய்ச் சேர்ந்துடுவாங்க. என்னிக்கிருந்தாலும் அழிஞ்சு போற இனம்தான். இயற்கை. யார் என்ன பண்ண முடியும்?"

எல்லாரும் உச்சுக் கொட்டினோம். அடுத்த படம் வந்தது. நானும் தலையை ஆட்டிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரலை. பஜ்ஜி காரணம் இல்லை. அந்த 'இயற்கை'ங்கற வார்த்தைதான். அங்கேயே எதிர்த்துப் பேசியிருக்கணும். பேசாம வந்ததுக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கு, அதைக் கடைசியில சொல்றேன். அங்கே பேச வேண்டியதை இங்கே எழுதித் தீர்த்துக்கறேன். நீளமான பதிவு. ஆணி அதிகம் இருக்கறவங்க அப்புறமா வந்து படிங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். கிருமிக்குக் கால் கிடையாது. அது கடலைத் தாண்டி ஒரு தீவுக்குப் போகணும்னா யாராவது கப்பலேத்திக் கூட்டிட்டுப் போகணும். கூட்டிட்டுப் போனது யார், எதுக்குப் போனாங்க, தடுத்திருக்க முடியுமா, தடுத்தாங்களா? இந்த நாலு கேள்வியையும் கேக்காம 'எதிர்ப்பு சக்தி இல்லை, இயற்கை'ன்னு சொல்றது, கொலை நடந்த வீட்டுல போய் 'பாவம், ரத்தம் ரொம்பப் போயிடுச்சு, அதான் செத்துட்டார்'னு சொல்ற மாதிரி. சொன்னது பொய் இல்லை. ஆனா கத்தி பிடிச்ச கையைப் பத்திப் பேச்சே இல்லை.

சரி, அந்தமானுக்கே வருவோம்.

நம்ம ஆட்களுக்கு அந்தமான்னா செல்லுலார் ஜெயில்தான். 1996-ல் வந்த 'சிறைச்சாலை' படத்தைப் பார்த்து மூக்கைச் சிந்தியவர்களில் நானும் ஒருத்தன். அழவேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் அந்த ஜெயில் யாருடைய கடற்கரையில் நிற்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. காலி மனையில் கட்டிய மாதிரியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலி மனை இல்லை. தெற்கு, மத்திய, வடக்கு அந்தமான் தீவுகளில் பத்துக் குழுக்களாகப் பிரிந்து மக்கள் வாழ்ந்தார்கள். மொத்தமாக 'கிரேட் அந்தமானியர்' என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமார் ஐயாயிரம் பேர் இருந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. அவர்களுக்குள்ளேயே இரண்டு வகை. காட்டுக்குள் வாழ்பவர்கள் எரெம்தாகா. கடலோரத்தில் வாழ்பவர்கள் அர்யோத்தோ. ஒற்றை மரத்தைக் குடைந்து படகு செய்து, கடலாமையை ஈட்டி எறிந்து பிடித்து, மீனும் சிப்பியுமாகச் சாப்பிட்டு வாழ்ந்த நெய்தல் மக்கள். கப்பல் வந்து நிற்பது அவர்கள் வாசலில்தான். ஆகவே முதல் அடியும் அவர்களுக்குத்தான்.

1858 மார்ச்சில் 200 கைதிகளோடு பிரிட்டிஷார் போர்ட் பிளேரில் வந்து இறங்கினார்கள். 1857 கலகத்தில் பிடிபட்டவர்களை அடைக்க இடம் வேண்டுமே. காடு வெட்டினார்கள், கரையைப் பிடித்தார்கள். 1859 மே மாதம் அந்தமானியர்கள் வில்லும் அம்புமாக மோதிப் பார்த்தார்கள். துப்பாக்கிக்கு எதிராக எவ்வளவு நேரம் நிற்கமுடியும்? தோற்றார்கள்.

அதற்கப்புறம் வந்ததுதான் 'அன்பு' வழி. 1863-ல் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' என்று ஒன்றை ஹென்றி கார்பின் என்ற பாதிரியார் ஆரம்பித்தார். காட்டு மனிதர்களைப் பழக்கப்படுத்தி, துணி கட்டி, வேலை செய்யச் சொல்லிக்கொடுத்து 'நாகரிகம்' ஆக்குவது திட்டம். சோறு உண்டு, புகையிலை உண்டு. மக்கள் வந்தார்கள், தங்கினார்கள், ஊருக்குத் திரும்பிப் போனார்கள், மறுபடி வந்தார்கள். இதே மாதிரி இல்லங்கள் வேறு இடங்களிலும் முளைத்தன.

அதற்குப் பிறகு நடந்ததைத் தேதி வாரியாகவே தருகிறேன். 1868-ல் நிமோனியா. 1876-ல் மேகநோய் (சிபிலிஸ்) அவர்களிடையே பரவியிருப்பது தெரிய வந்தது. 1877 மார்ச்சில் தட்டம்மை. இல்லத்துக்கு வந்து போனவர்கள் அதைத் தீவு தீவாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஜனங்களில் பாதி, ஒருவேளை மூன்றில் இரண்டு பங்குகூடச் செத்திருக்கலாம் என்று பின்னாளில் அங்கே அதிகாரியாக இருந்த போர்ட்மேன் கணக்குப் போட்டார். அந்த இல்லங்களில் பிறந்த 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்பது அந்தமான் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் குறிப்பிடுகிற செய்தி.

150 பிள்ளைகள். இதைப் படித்த அன்றைக்கு என்னால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

மீதியை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. 1901-ல் 625. 1911-ல் 455. 1921-ல் 209. 1931-ல் 90. 1961-ல் 19. ஆமாம், பத்தொன்பது பேர். ஒரு வேன் பிடித்தால் எல்லாரும் உட்கார்ந்துவிடலாம்.

இப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க. இதே அந்தமானில் ஜாரவா என்று இன்னொரு மக்கள். தள்ளி வடக்கு சென்டினல் என்ற குட்டித் தீவில் இன்னொரு கூட்டம். இவர்களும் அதே மாதிரி ஆயிரக்கணக்கான வருஷம் ஒதுங்கி வாழ்ந்தவர்கள்தான். உங்க 'எதிர்ப்பு சக்தி' கணக்குப்படி இவர்களும் அன்றைக்கே போயிருக்கணும். போகலை. ஏன்? கிட்ட வந்தவனை எல்லாம் அம்பு விட்டுத் துரத்தினார்கள். வெள்ளைக்காரன் இவர்களை 'விரோதிகள்' என்று எழுதி வைத்தான். நட்பாகப் பழகியவர்களை 'நல்லவர்கள்' என்று எழுதி வைத்தான். அம்பு விட்டவன் பிழைத்தான். கை நீட்டி வாங்கிக்கொண்டவன் செத்தான். இதில் இயற்கை எங்கே இருந்து வந்தது?

"அந்தக் காலத்துல கிருமியைப் பத்தி யாருக்குத் தெரியும்? தெரியாம நடந்தது"ன்னு ஒரு பதில் வரும். வரட்டும். அதுக்காகவே உங்களை அந்தமானிலிருந்து கிளப்பிக் கொஞ்சம் கிழக்கே கூட்டிட்டுப் போறேன். அதே பிரிட்டிஷ் ராஜ்ஜியத்தின் இன்னொரு தீவுக் கூட்டம், ஃபிஜி. நம்ம ஆட்களுக்கும் சம்பந்தம் உள்ள இடம்.

1874 அக்டோபரில் ஃபிஜி பிரிட்டிஷார் கைக்குப் போனது. எழுதிக்கொடுத்த ராஜா தக்கோம்பாவுவை மரியாதை செய்வதற்காக சிட்னிக்கு அழைத்துப் போனார்கள். சிட்னியில் அப்போது தட்டம்மை. ராஜாவுக்கும் வந்தது. 1875 ஜனவரியில் 'டைடோ' என்ற போர்க்கப்பலில் திரும்பி வந்தார்கள். கப்பலில் நோய் இருந்தது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் குவாரண்டைன் கொடி ஏற்றவில்லை, யாரையும் தனியே வைக்கவில்லை. ராஜாவை வரவேற்க ஊர் ஊராக இருந்து தலைவர்கள் வந்து குவிந்தார்கள். பார்த்தார்கள், பேசினார்கள், அவரவர் ஊருக்கு அம்மையோடு திரும்பினார்கள். ஒன்றரை லட்சம் பேர் இருந்த தீவுக் கூட்டத்தில் அந்த வருஷம் பாதி முடிவதற்குள் சுமார் 40,000 பேர் செத்தார்கள்.

இது பாதிக் கதை. மீதியைக் கேளுங்க.

மக்கள் இப்படிச் செத்துக் குறைந்துபோன நிலையில், மிச்சம் இருக்கும் ஃபிஜிக்காரர்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கவேண்டாம் என்று அங்கே இருந்த கவர்னர் ஆர்தர் கார்டன் முடிவு செய்தார். கரும்புக்கு ஆள் வேண்டுமே? நம்ம ஊர் இருக்கவே இருக்கு. 1879 மே மாதம் 'லியோனிடாஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ஃபிஜி போய்ச் சேர்ந்தது. 460-க்கும் மேற்பட்ட ஆட்கள். கப்பலுக்குள் காலரா, பெரியம்மை. தட்டம்மையைவிடப் பயங்கரமான சரக்கு.

என்ன ஆச்சு தெரியுமா? ஒண்ணும் ஆகலை. கப்பலை நிறுத்தி, ஆட்களை யனுத்தா லைலை என்ற சின்னத் தீவில் தனியாக இறக்கி, நோய் அடங்கும் வரை வைத்திருந்தார்கள். கரைக்குப் பரவவில்லை.

நாலே நாலு வருஷ இடைவெளி. அதே தீவு, அதே அரசாங்கம், அதே 'எதிர்ப்பு சக்தி இல்லாத' மக்கள். ஒரு கப்பல் 40,000 பேரைக் கொன்றது. இன்னொன்று கரையில் யாரையும் கொல்லவில்லை. நடுவில் மாறியது ஃபிஜிக்காரனின் ரத்தமா? துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தவன் முடிவுதானே?

(1903-லிருந்து நம்ம தமிழ்நாட்டு ஆட்களும் மெட்ராஸில் கப்பல் ஏறி ஃபிஜிக்குப் போனார்கள். அவர்கள் கரும்பு வெட்டிய சீமைக்குப் பின்னால் இப்படி ஒரு சாவுக் கணக்கு இருந்ததை நான் சமீபத்தில்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நம்மை அங்கே இழுத்துக்கொண்டுபோன காரணங்களில் அதுவும் ஒண்ணு.)

ஆக, தெரியாம நடந்ததுங்கற பேச்சு நிக்காது. நோய் வந்த கப்பலைத் தள்ளி நிறுத்தணும்னு ஐரோப்பாவின் துறைமுகங்களுக்கு 1877-க்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாடியே தெரியும். குவாரண்டைன்ங்கற வார்த்தையே வெனிஸ் பக்கத்துல பிறந்ததுதான். அந்தமானில் நிமோனியா வந்தது, மேகநோய் வந்தது, தட்டம்மை வந்து ஊரை வழிச்சுக்கொண்டு போனது. இத்தனைக்குப் பிறகும் அந்த இல்லங்களை நடத்திக்கொண்டுதான் இருந்தார்கள். இதுக்குப் பேர் தெரியாமையா?

நிற்க. எதிர்ப்பு சக்தி என்பதே சும்மா என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். தட்டம்மை ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வராது. யாருக்குமே வந்திராத ஊருக்குள் அது நுழைந்தால் குஞ்சு குளுவானிலிருந்து கிழவர் வரை எல்லாரையும் ஒரே நேரத்தில் படுக்கப் போட்டுவிடும். அது உண்மை. ஆனால் படுக்கிறவர் எல்லாரும் செத்தே ஆகவேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. வட அட்லாண்டிக்கில் டென்மார்க்குக்குச் சொந்தமான ஃபரோ தீவுகள். அங்கே 65 வருஷமாகத் தட்டம்மையே இல்லை. 1846-ல் நுழைந்தது. மொத்தம் எண்ணாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஜனம், அதில் ஆறாயிரம் பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். செத்தவர்கள் நூற்றுச் சொச்சம். டென்மார்க் அரசாங்கம் பானும் என்ற இளம் டாக்டரை அனுப்பியது. 1781-ல் அம்மை கண்டிருந்த கிழவர் கிழவிகளுக்கு மட்டும் இந்த முறை வரவில்லை என்று அவர்தான் கண்டுபிடித்து எழுதினார். இன்றைக்கும் மருத்துவப் படிப்பில் அந்த ஆய்வைச் சொல்வார்கள்.

ஆறாயிரம் பேர் படுத்து நூற்றுச் சொச்சம் சாவு. அந்தமானில் பாதி ஜனம் சாவு. ஏன் இந்த வித்தியாசம்? நான் டாக்டர் இல்லை, உடம்பு வாகு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற காரணங்களே போதுமானதாக இருக்கு. ஃபரோக்காரனுக்கு வீடு அவன் வீடு, நிலம் அவன் நிலம், சேர்த்து வைத்த சாப்பாடு இருந்தது. அந்தமானியருக்கு? காடு வெட்டியாச்சு, கரை போயாச்சு, ஏற்கெனவே நிமோனியாவும் மேகநோயும் உடம்பைத் தின்றாச்சு. தினம் கடலுக்குப் போனால்தான் அன்றைக்குச் சாப்பாடு. ஊரே படுத்துவிட்டால் யார் படகு எடுப்பது? தண்ணி யார் கொண்டுவந்து கொடுப்பது? நம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஜுரம் வந்தால் கஞ்சி காய்ச்ச ஆளில்லாமல் எப்படித் திண்டாடுகிறோம்? அதை ஒரு முழு ஊருக்கு விரித்துப் பாருங்கள். அம்மை பாதி கொன்றது, கவனிக்க ஆளில்லாமை மீதியைக் கொன்றது.

"சரிப்பா, வெள்ளைக்காரன் பண்ணினான். அவன்தான் போய்ட்டானே?"

இதுக்குத்தான் வர்றேன்.

வெள்ளைக்காரன் போன பிறகு நாம் ஜாரவா காட்டுக்கு நடுவே ரோடு போட்டோம். அந்தமான் டிரங்க் ரோடு. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் காட்டுக்குள் போகிற பகுதியை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. அப்புறமும் இருபது வருஷத்துக்கு மேல் அந்த ரோட்டில் வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது. சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை பார்க்கப் போகிறோம் என்று பெயர். பாதிப் பேர் எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று போய் வந்தவர்களைக் கேளுங்கள், மனசாட்சி இருந்தால் சொல்வார்கள். 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டைக் காட்டி ஆட வைத்த வீடியோ வெளிவந்து உலகமே காறித் துப்பியது நினைவிருக்கும்.

1998 வாக்கில் ஜாரவாக்கள் தாங்களாகவே பகலில் வெளியே வர ஆரம்பித்தார்கள். 1999-ல் அவர்களுக்குத் தட்டம்மை. 2006-ல் மறுபடியும். நல்லவேளை, இந்த முறை ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டர்கள் ஓடி ஓடிப் பார்த்தார்கள், 1877 திரும்பவில்லை. அந்த டாக்டர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். 2001-ல் 240 ஆக இருந்த ஜாரவாக்கள் 2011-ல் 380. அதேபோல 2020 ஆகஸ்டில், ஐம்பது சொச்சமே இருந்த கிரேட் அந்தமானியரில் பத்துப் பேருக்குக் கொரோனா. சோதனை செய்து, பிரித்து வைத்துக் கவனித்தார்கள், பிழைத்தார்கள். பார்த்தீங்களா? கவனிச்சா பிழைக்கறாங்க. அழிஞ்சுதான் தீரணும்னு அவங்க தலையில யாரும் எழுதி வைக்கலை.

ஆனால் பிழைத்தவர்களிடம் எல்லாம் மிச்சம் இருக்கிறதா? 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தார். 'போ' மொழி பேசிய கடைசி ஆள். அவர் பேச்சுக்குப் பதில் பேச உலகத்தில் ஓர் ஆள் கிடையாது. தமிழ் வாழ்க என்று பதிவுக்குப் பதிவு எழுதுகிற நாம் ஒரு நிமிஷம் அதை யோசித்துப் பார்க்கலாம்.

இப்போ அந்தச் சொந்தக் காரணம். கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன்.

2008. எல்.டி.சி.யில் நாங்களும் அந்தமான் போனோம். கப்பலிலேயே பொண்ணுக்குச் சளி பிடித்துவிட்டது. ஆறு வயசு அப்போ. இறங்கி ரெண்டாம் நாள் ஜுரமும் சேர்ந்துகொண்டது. ஆனால் வேனுக்குக் காசு கட்டியாச்சு, 'காலையில மூணு மணிக்குக் கிளம்பணும் சார்'னு சொல்லியாச்சு. மாத்திரை கொடுத்து, போர்வையில் சுத்தி, தூக்கிக்கொண்டு கிளம்பினோம். செக்போஸ்டில் அத்தனை வண்டியும் வரிசை கட்டி நிற்கும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது என்று போர்டு. டிரைவர் அதைப் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

ஒரு வளைவில் வேகம் குறைந்தது. ரோட்டோரம் ரெண்டு சின்னப் பசங்களும் ஒரு பெண்ணும். வேனுக்குள் ஒரே கூச்சல். என் பொண்ணு கையில் பாதி தின்ற பிஸ்கெட் பாக்கெட். "அப்பா, அந்தப் பாப்பாவுக்குக் குடுக்கவா?"ன்னு கேட்டாள். எனக்கு ஒரே பெருமை. பார்றா, என் பொண்ணுக்கு என்ன இரக்கம்! நான்தான் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினேன். நான்தான் அவள் கையிலிருந்து வாங்கிப் போட்டேன். அந்தப் பையன் ஓடி வந்து எடுத்தான். எடுத்த உடனே வாயில் வைத்தான்.

கொஞ்ச தூரம் போன பிறகு தங்கமணி மெதுவாகக் கேட்டார். "பாப்பாவுக்கு ஜுரமா இருக்கே, அந்தப் பையனுக்கு ஒட்டிக்காதா?"

நான் சொன்ன பதில் அட்சரம் மாறாமல் ஞாபகம் இருக்கு. "அட, அவங்கல்லாம் காட்டுல வளர்ந்தவங்க. நம்மளவிட ஸ்ட்ராங்கு."

பொண்ணுக்கு மூணு நாளில் ஜுரம் விட்டது. இப்போ அவள் படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டாள். அந்தப் பையனுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வழியும் இல்லை. ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். இருந்திருக்கணும்னுதான் வேண்டிக்கறேன்.

ரொம்ப நாள் கழித்து, 1880-ல் போர்ட்மேன் வடக்கு சென்டினல் தீவுக்குப் போன கதையைப் படித்தேன். ஒரு வயதான ஜோடியையும் நாலு பிள்ளைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். உடனே எல்லாருக்கும் உடம்புக்கு முடியாமல் போய், பெரியவர்கள் ரெண்டு பேரும் செத்துவிட்டார்கள். பிள்ளைகளைக் கை நிறையப் பரிசுப் பொருளோடு திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வேறு எதைக் கொண்டுபோனார்கள் என்பது யாருக்கும் தெரியாது. படித்ததும் எனக்கு அந்த பிஸ்கெட் பாக்கெட்தான் ஞாபகம் வந்தது. போர்ட்மேனும் தன்னைக் கெட்டவன் என்று நினைத்திருக்க மாட்டார். என்னைப் போல இரக்கம் என்றுதான் நினைத்திருப்பார்.

ஆக, 'கத்தி பிடிச்ச கை'ன்னு மேலே எழுதினேனே, அதுல என் கையும் சேர்த்திதான். ஞாயிற்றுக்கிழமை நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது அதனாலதான்.

"அப்போ அவங்களை அப்படியே மிருகக்காட்சி சாலை மாதிரி வச்சிருக்கச் சொல்றியா? முன்னேற வேணாமா?" இது நிச்சயம் பின்னூட்டத்துல வரும், அதனால இங்கேயே பதில். கூண்டுக்குள்ள இருக்கறது அவங்க இல்லை சார். வரிசையா வேன் ஓட்டிப் போய் ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கறது நாமதான், மிருகக்காட்சி சாலையா ஆக்கினதும் நாமதான். அவங்க வெளியே வரணும்னா வரட்டும், வந்தா நல்ல டாக்டரும் தடுப்பூசியும் காத்திருக்கட்டும். வர வேணாம்னா அதையும் மதிக்கணும். வாசலைத் திறக்கற உரிமை வீட்டுக்காரனுக்கா, வேடிக்கை பார்க்க வந்தவனுக்கா? சென்டினல்காரர்கள் தங்கள் பதிலைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் 2018-ல் மதம் பரப்ப ஓர் அமெரிக்க இளைஞன் போய் உயிரை விட்டான். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கன் போய் இறங்கி, ஒரு தேங்காயும் ஒரு குளிர்பான டின்னும் வைத்துவிட்டு வந்து மாட்டினான். அந்த டின்னும் என் பிஸ்கெட் பாக்கெட்டும் ஒரே ஜாதி.

கடைசியா, இப்போ நடந்துக்கிட்டு இருக்கறது. கிரேட் நிக்கோபார். ஒரு பெரிய துறைமுகம், விமானநிலையம், மின்நிலையம், புது நகரம் என்று சுமார் 72,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். அந்தத் தீவின் காட்டுக்குள் ஷோம்பென் மக்கள் இருக்கிறார்கள், 2011 கணக்கெடுப்பின்படி 229 பேர். கரையோரம் நிக்கோபாரியர்கள், 2004 சுனாமியில் ஊரைப் பறிகொடுத்து, திரும்பிப் போகக் காத்திருப்பவர்கள். அவர்களுடைய பழங்குடி மன்றம் 2022-லேயே தான் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. எண்ணாயிரம் பேர் அளவில் இருக்கிற தீவில் மூன்றரை லட்சம் பேர் வந்து குடியேறுவார்கள் என்பது திட்டத்தின் கணக்கு. 2024 பிப்ரவரியில் இன அழிப்பு பற்றி ஆராய்கிற 39 அறிஞர்கள், 13 நாடுகளைச் சேர்ந்தவர்கள், குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள்.

ஷோம்பென்களைப் பாதுகாக்க ஏற்பாடு இருக்கு, யாரும் கிட்டப் போகவிட மாட்டோம்னு அரசாங்கம் சொல்லுது. ஜாரவா ரோட்டிலும் போர்டு இருந்தது சார். நான் படிச்சேன். படிச்சுட்டுத்தான் கண்ணாடியைத் தள்ளினேன். மூன்றரை லட்சம் பேரில் என்னை மாதிரி ஒருத்தன்கூட இருக்க மாட்டானா?

இது ஏதோ டெல்லிக்காரன் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) நடந்தால் பத்தடிக்கு ஒரு தமிழ்க் குரல் கேட்கும். இலங்கையிலிருந்து திரும்பி வந்த நம் மக்களை ரப்பர் தோட்டத்துக்காக நிக்கோபாரின் கட்சால் தீவில் குடியேற்றினார்கள். அவர்களும் பாவம், போக்கிடம் இல்லாமல் போனவர்கள். ஆனால் நாளைக்குக் கிரேட் நிக்கோபாரில் காண்ட்ராக்ட் எடுப்பவர்களிலும், வேலைக்குக் கப்பல் ஏறுபவர்களிலும், எல்.டி.சி.யில் குடும்பத்தோடு போய் இறங்குபவர்களிலும் நாம் இருப்போம். அன்றைக்கு ஷோம்பென் ஊரில் அம்மை வந்தால், பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே 'எதிர்ப்பு சக்தி இல்லை, இயற்கை' என்று உச்சுக் கொட்டவும் நாம்தான் இருப்போம்.

அதை மட்டும் சொல்லாதீங்க. அதுக்குத்தான் இவ்வளவு நீளம். கப்பல் யாருது, ரோடு யார் போட்டது, ஜன்னல் கண்ணாடியை யார் தள்ளினதுன்னு கேளுங்க.

பி.கு. 1: அந்தமான் போறவங்க தாராளமாப் போங்க, அழகான ஊர். ஜாரவா காட்டு ரோடு மட்டும் வேணாம். சுண்ணாம்புக் குகையைப் பார்க்காம செத்துப் போனவன்னு யாரும் கிடையாது.

பி.கு. 2: அந்த நண்பர் இதைப் படிப்பார்னு தெரியும். சார், பஜ்ஜி அருமை. ஆட்டோ அனுப்பாதீங்க, அடுத்த ஞாயிறு நம்ம வீட்டுக்கு வாங்க, மீதியை நேர்ல பேசிக்கலாம்.